பாலர் பள்ளியில் பிள்ளை என்ன கற்கிறது?

“மாதந்தோறும் கட்டணம் கட்டுகிறோம். பிள்ளையோ விளையாடிவிட்டு வருகிறது. ஒரு வரி எழுதத் தெரியவில்லை.” நம் வியாபாரச் சகோதரர் பலர் இவ்வாறு குறைப்படுகின்றனர். கொடுத்த பணத்திற்குச் சரக்கு சரியாக வந்ததா என்று பார்ப்பவர்கள் இப்படிக் கேட்பது நியாயமே. ஆகவே நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகள் அவ்வகுப்பில் எதைக் கற்கிறார்கள் என்பதைச் சற்று ஆராய்வோம்.

விளையாட்டின் மூலம் கற்பித்தல் புது வழக்கம் அன்று. ஜெர்மானியரான பிரோபெல் என்பார் 1837-ஆம் ஆண்டில் சிறு பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி தொடங்கினார். பந்துகளும் மரக்கட்டைகளுமே அங்குப் பாடக் கருவிகள். 1840-இல் அதற்குப் ‘பிள்ளைகளின் தோட்டம்’ என்று பொருள்படும் ‘கிண்டர்கார்ட்டன்’ என்னும் பெயரைச் சூட்டினார். மாண்டிசோரி அம்மையார் 1907-இல் ரோமாபுரியின் ஏழைகள் குடியிருப்பில் பாலர் இல்லம் திறந்தார். அவர் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார்.

முதலாவது: எண்

ஒன்று முதல் இருபது வரை ஒப்பிப்பது வேறு; எண்ணத் தெரிவது வேறு. எண்ணுவதற்கு மூன்று அறிவு வேண்டும். எண்களின் வரிசை மாறக்கூடாது. ஒரு பொருளுக்கு ஓர் எண்ணே சொல்லவேண்டும். கடைசியில் சொன்ன எண்ணே மொத்தத் தொகை. “கிண்ணத்திலிருந்து ஐந்து பேரீச்சம்பழம் எடுத்துத் தா” என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். இருபது வரை ஒப்பிக்கும் பிள்ளையும் ஒரு பிடி அள்ளித் தரக்கூடும்.

சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே காட்டிய சோதனை ஒன்றும் உண்டு. ஆறு காசுகளை ஒரு வரிசையாகவும், வேறு ஆறு காசுகளை அதற்கு நேராகவும் வையுங்கள். “இரண்டும் சமம்” என்று பிள்ளை சொல்லும். அதன் கண்முன்னே ஒரு வரிசையை மட்டும் அகலப் பரப்புங்கள். ஐந்து வயதுப் பிள்ளைகளில் பலர், “நீளமான வரிசையில்தான் அதிகம்” என்பார்கள். இது மந்தபுத்தி அன்று, வயதின் இயல்பு. கட்டைகளையும் விதைகளையும் பலமுறை அடுக்கிக் கலைத்துப் பார்த்தே பிள்ளை இதைக் கடந்து வருகிறது.

இரண்டாவது: கை

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பே. ஒவ்வொன்றாக இறுகி முடியப் பல ஆண்டுகள் ஆகும். களிமண் பிசைவதும், மணி கோர்ப்பதும், காகிதம் வெட்டுவதும் விரல்களுக்கு உரமூட்டிப் பென்சில் பிடிக்கத் தயார் செய்கின்றன. நான்கு வயதில் அதட்டிப் பக்கம் பக்கமாக எழுத வைத்தால், எழுத்தின்மீது வெறுப்புத்தான் மிஞ்சும்.

மூன்றாவது: சொல்

வகுப்பில் ‘கடை விளையாட்டு’ நடப்பதைக் காணலாம். ஒருவன் முதலாளி, மற்றவர்கள் வாடிக்கைக்காரர்கள். காகிதத் துண்டே பணம். முறைக்குக் காத்திருத்தல், விலை கேட்டல், பதில் சொல்லுதல் ஆகிய அனைத்தும் அதில் இருக்கின்றன. காகிதத்தைப் பணமாகப் பாவிக்கும் பிள்ளை, ஒன்று மற்றொன்றைக் குறிக்கும் என்பதைப் பழகிக்கொள்கிறது. ஒரு கோடு ஓர் ஒலியைக் குறிப்பதே எழுத்து. ஆகவே இதுவும் படிப்புக்கு முன்படியாகும்.

நாம் செய்யவேண்டுவன

வாப்பாமார் நாள் முழுதும் கடையில் இருப்பவர்கள். ஆயினும் இரவில் கால்மணி நேரம் பிள்ளையுடன் தமிழில் பேசுதல் அவசியம். “இன்று என்ன எழுதினாய்?” என்று கேட்பதைவிட, “இன்று எதைக் கட்டினாய்? எப்படி நின்றது?” என்று கேளுங்கள், பிள்ளை வாய் திறக்கும். விடுமுறையில் கடைக்கு அழைத்து வந்தால் வெங்காயத்தையும் பூண்டையும் பிரிக்கச் சொல்லுங்கள். எது கனம், எது இலேசு என்று கையில் ஏந்திப் பார்க்கட்டும்.

தமிழ் பேசினால் ஆங்கிலம் வராது என்னும் அச்சம் வேண்டா. இளம் பிள்ளைகள் இரு மொழிகளையும் ஒருசேரக் கற்க வல்லவர்கள். சிங்கப்பூரில் கல்வி அமைச்சு 2014 முதல் நடத்திவரும் பாலர் பள்ளிகளில் தமிழும் கற்பிக்கப்படுகிறது. எனினும் வீட்டில் ஒலிக்காத மொழி வகுப்பில் மட்டும் வேரூன்றுவது கடினம்.

ஒரு காரியத்தில் மட்டும் தாமதம் ஆகாது. நான்கு வயதாகியும் பிறருக்கு விளங்கும்படி பேசாத பிள்ளையையும், கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையையும் “தானே சரியாகிவிடும்” என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். செவிக்குறை இருப்பின் எவ்வளவு விரைவில் அறிகிறோமோ அவ்வளவு நன்மை.

ஏழாம் வயதில் முதல் வகுப்பு வந்தே தீரும். ஏட்டுப் படிப்பு அப்போது தொடங்கும். அதற்குள் “விளையாட்டுத்தானே” என்று பிள்ளையைப் பாலர் பள்ளியிலிருந்து நிறுத்திவிடாதீர்கள். அடுத்த முறை பள்ளிக்குச் செல்லும்போது சற்று நேரம் நின்று, உங்கள் பிள்ளை கட்டைகளை அடுக்குவதைக் கவனித்துப் பாருங்கள். ஐயம் இருந்தால் ஆசிரியையிடமே கேட்டுத் தெளிவு பெறுங்கள்.