மாத்தேரான் மலைப்பாதையில் மின்சார ரிக்‌ஷா

மோட்டார் வண்டி ஓடாத ஊர் ஒன்று உண்டா? உண்டு. அந்த ஊரின் பெயர் மாத்தேரான்.

மாத்தேரான் மகாராஷ்டிர மாநிலத்தில் இருக்கிறது. ராய்காட் மாவட்டத்தைச் சேர்ந்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில் உள்ள மலை ஊர். சுற்றிலும் காடு. நடுவே செம்மண் பாதை.

மும்பையிலிருந்து நிறையப் பேர் இந்த ஊரைப் பார்க்க வருகிறார்கள். காரில் வந்தால் தஸ்தூரி நாக்கா என்ற இடத்தோடு நிறுத்திவிட வேண்டும். ஊருக்குள் போக இன்னும் சுமார் இரண்டரை கிலோமீட்டர் உண்டு. அங்கிருந்து ஒரு சின்ன ரயில் போகும். ரயில் இல்லாத நேரத்தில் என்ன செய்வது? நடக்கலாம். குதிரையில் ஏறலாம். முன்பு கை ரிக்‌ஷாவிலும் உட்காரலாம்.

ஏன் இந்தத் தடை? புகையும் இரைச்சலும் காட்டைக் கெடுக்கக் கூடாது என்பதற்காகத்தான். 2003-ஆம் ஆண்டு மத்திய அரசு மாத்தேரானைப் பாதுகாக்க வேண்டிய இயற்கைப் பகுதி என்று அறிவித்தது. நோயாளியை ஏற்றும் ஆம்புலன்ஸ் போன்ற அவசர வண்டிக்கு மட்டும் அப்போது தடை இல்லை.

காட்டுக்கு நல்லது நடந்தது. மனிதனுக்கு என்ன நடந்தது?

மனிதனை மனிதன் இழுத்தான்

கை ரிக்‌ஷாவில் ஒருவர் உட்காருவார். ஒருவர் முன்னால் இழுப்பார். மேடு வந்தால் இன்னொருவர் பின்னால் தள்ளுவார். வெயிலிலும் இழுக்க வேண்டும். மழையிலும் இழுக்க வேண்டும். மழைக்காலத்தில் செம்மண் வழுக்கும். வயது ஏற ஏற மூச்சு வாங்கும். முழங்கால் வலிக்கும். ஒரு நாள் படுத்துவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை.

மாத்தேரானில் உரிமம் பெற்ற கை ரிக்‌ஷாக்கள் 94 இருந்தன. அதை நம்பி அத்தனை குடும்பங்கள் இருந்தன.

தமிழ்நாட்டில் கை ரிக்‌ஷாவை 1973-ஆம் ஆண்டே அரசு ஒழித்துவிட்டது. இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. மாத்தேரானில் அதற்குப் பிறகும் 50 ஆண்டுகள் மனிதன் மனிதனை இழுத்துக்கொண்டுதான் இருந்தான்.

ரிக்‌ஷா இழுத்தவர்கள் ஒரு கோரிக்கை வைத்தார்கள். "எங்களுக்கு மின்சார ரிக்‌ஷா ஓட்ட அனுமதி கொடுங்கள்" என்றார்கள்.

மின்சார ரிக்‌ஷா எப்படி ஓடுகிறது?

மின்சார ரிக்‌ஷாவுக்கு மூன்று சக்கரம். பெட்ரோல் தொட்டி கிடையாது. பேட்டரி இருக்கும். இரவில் பேட்டரியை மின்சாரத்தோடு இணைத்து சார்ஜ் ஏற்ற வேண்டும். பகலில் பேட்டரியில் உள்ள மின்சாரம் மோட்டாரைச் சுற்றும். மோட்டார் சக்கரத்தைச் சுற்றும். மின்சார ஸ்கூட்டரும் மின்சார சைக்கிளும் இப்படித்தான் ஓடுகின்றன.

மின்சார ரிக்‌ஷாவுக்குச் சட்டம் சில அளவு வைத்திருக்கிறது. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் வேகம் போகக் கூடாது. ஓட்டுநரைத் தவிர 4 பேருக்கு மேல் ஏற்றக் கூடாது. வண்டியைப் பதிவு செய்ய வேண்டும். ஓட்டுகிறவருக்கு உரிமம் வேண்டும்.

நன்மை என்ன?

வண்டியிலிருந்து புகை வராது. அதிக இரைச்சல் இல்லை. இழுத்தவரின் உடம்பு தேயாது. அவர் ஓட்டுநர் ஆகிவிடுகிறார். முன்பு ஒருவரை இழுத்தவர் இப்போது நான்கு பேரை ஏற்றிச் செல்கிறார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு நடை மிச்சம். முதியவரும் கர்ப்பிணியும் சிரமம் இல்லாமல் ஊருக்குள் போகலாம்.

தீமை என்ன?

குதிரைக்காரர்கள் இதை எதிர்த்தார்கள். மாத்தேரானில் நூற்றுக்கணக்கான குதிரைகள் உண்டு. ஆளை ஏற்றும் குதிரையும் உண்டு, சாமான் சுமக்கும் குதிரையும் உண்டு. "எல்லாரும் வண்டியில் ஏறிவிட்டால் எங்கள் பிழைப்பு என்ன ஆவது?" என்று அவர்கள் கேட்டார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம்தானே?

பாதையாலும் ஒரு பிரச்சினை வந்தது. செம்மண் மழையில் கரைந்து ஓடும். பள்ளத்தில் வண்டிச் சக்கரம் சிக்கும். அதனால் பாதையில் கல் பதித்தார்கள். கல் பதித்தால் வண்டிக்கு வசதி. ஆனால் கல்லில் குதிரையின் குளம்பு வழுக்குகிறது என்று குதிரைக்காரர்கள் சொன்னார்கள். காட்டுப் பாதை எங்கும் கல் பதித்துவிட்டால் அது காட்டுப் பாதையாக இருக்குமா என்றும் பலர் கவலைப்பட்டார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சத்தம் இல்லாத வண்டி பின்னால் வந்தால் தெரியாது. நடந்து போகிறவர்கள் ஒதுங்க நேரம் இருக்காது. குறுகிய பாதையில் இது ஆபத்து. ஓட்டுகிறவர் மெதுவாகப் போக வேண்டும். மணி அடிக்க வேண்டும்.

பேட்டரி எந்நாளும் உழைக்காது. சில ஆண்டுகளில் மாற்ற வேண்டும். அதற்குப் பணம் சேர்த்து வைக்க வேண்டும். பழைய பேட்டரியில் நஞ்சு உண்டு. அதைக் குப்பையில் போடக் கூடாது. திரும்ப வாங்கிக்கொள்ளும் கடையில் கொடுக்க வேண்டும்.

"புகையே இல்லை" என்று சொல்வதும் முழு உண்மை அல்ல. நம் நாட்டில் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியை எரித்துத்தான் கிடைக்கிறது. வண்டியில் புகை இல்லை. மின் நிலையத்தில் புகை உண்டு. ஆனாலும் மலைக்காட்டுக்குள் அந்தப் புகை வருவதில்லை.

நீதிமன்றம் என்ன சொன்னது?

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022-ஆம் ஆண்டு மே மாதம் நீதிமன்றம் ஒரு வழி சொன்னது. "முதலில் சில மின்சார ரிக்‌ஷாக்களை ஓட்டிப் பாருங்கள்" என்றது. அந்த ஆண்டு டிசம்பர் மாதம் சோதனை ஓட்டம் தொடங்கியது.

பிறகு இன்னொரு கேள்வி எழுந்தது. வண்டி யாருக்குக் கிடைக்க வேண்டும்? பணம் உள்ளவர் வாங்கி வாடகைக்கு விட்டால் இழுத்தவர் கதி என்ன? ரிக்‌ஷா இழுத்துப் பிழைப்பை இழக்கிறவர்களுக்குத்தான் வண்டி கொடுக்க வேண்டும் என்று 2024-ஆம் ஆண்டு நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஒரு பெரிய தீர்ப்பு வந்தது. மனிதனை மனிதன் இழுப்பது மனிதத் தன்மைக்கு விரோதமானது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கை ரிக்‌ஷாவை 6 மாதத்துக்குள் நிறுத்த ஆணையிட்டது. இழுத்தவர்களின் மறுவாழ்வுக்கு மாநில அரசு திட்டம் போட வேண்டும். அவர்களுக்கு மின்சார ரிக்‌ஷா கிடைக்கச் செய்ய வேண்டும். பணம் இல்லை என்று அரசு சாக்குச் சொல்லக் கூடாது.

பாதையைப் பற்றியும் நீதிமன்றம் பேசியது. தஸ்தூரி நாக்காவிலிருந்து சிவாஜி சிலை வரை உள்ள முக்கியப் பாதையில் கல் பதிக்கலாம். உள்பாதைகளில் பதிக்கக் கூடாது.

நாம் அறிவது என்ன?

தெருவுக்கு ஏற்ற வண்டி எல்லாப் பாதைக்கும் ஏற்றது ஆகாது. அகலமான பாதையில் வண்டி ஓடட்டும். காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில் கால் நடக்கட்டும். மாத்தேரானில் வந்த தீர்ப்பின் வழி இதுதான்.

புதிய வண்டி வந்தால் சிலருக்குச் சுமை குறையும். சிலருக்குப் பிழைப்புக் குறையும். சுமை குறைந்தவரோடு சேர்ந்து நாமும் மகிழலாம். பிழைப்புக் குறைந்தவரை மறந்துவிடக் கூடாது. மாத்தேரான் குதிரைக்காரரின் கேள்வி இன்னும் நம் முன் நிற்கிறது.

நம் ஊரிலும் மின்சார வண்டிகள் வந்துவிட்டன. வாங்குவதற்கு முன் தாளைப் படியுங்கள். வேகம் எவ்வளவு? உரிமம் வேண்டுமா? பேட்டரிக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம்? எழுத்தில் உள்ளதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

புதிய சொற்கள்

உரிமம் – லைசென்ஸ், அரசு தரும் அனுமதி
மறுவாழ்வு – பிழைப்பை இழந்தவருக்கு மீண்டும் வாழ வழி செய்தல்
உத்தரவாதம் – பொருள் பழுதானால் சரிசெய்து தருவதாகக் கொடுக்கும் உறுதி
ஒற்றையடிப் பாதை – ஒருவர் பின் ஒருவராக நடக்கும் சிறு வழி

கூடிப் பேசுவோம்

1. மாத்தேரானில் மோட்டார் வண்டிக்கு ஏன் தடை?
2. மின்சார ரிக்‌ஷாவால் வரும் நன்மை மூன்று சொல்லுங்கள். தீமை மூன்று சொல்லுங்கள்.
3. குதிரைக்காரர்களுக்கு என்ன வழி செய்யலாம்?
4. உங்கள் ஊரில் எந்தப் பாதையில் வண்டி ஓடலாம்? எந்தப் பாதையில் ஓடக் கூடாது? ஏன்?
5. புதிய இயந்திரம் வந்ததால் உங்கள் ஊரில் வேலை இழந்தவர் உண்டா? அவர் இப்போது என்ன செய்கிறார்? ஐந்து வரி எழுதுங்கள்.