டிக்கி வலையும் 26 கிலோ மூட்டையும்

காரின் டிக்கியில் மாட்டும் எலாஸ்டிக் வலை, சாமான்கள் உருளாமலும் சரியாமலும் இருப்பதற்காகச் செய்யப்பட்டது. அதன் வேலை அவ்வளவுதான். ஆனால் ஆக்சஸரீஸ் கடைகளில் அதற்கு இன்னொரு வேலையும் சொல்லப்படுகிறது: “வலை மாட்டிட்டா போதும் சார், ஆக்சிடென்ட் ஆனாக்கூட பின்னாடி இருக்கறது முன்னாடி வராது.” கடையில் பிறந்த இந்தப் பேச்சு, கார் வைத்திருப்பவர்களிடையே பரவி, யாரும் சந்தேகிக்காத உண்மையைப்போல நிலைத்துவிட்டது. இது பொய், ஆளைக் கொல்லக்கூடிய பொய்.

சந்தையில் மூன்று வகை வலைகள் உண்டு. முதலாவது பை வலை. டிக்கிக் கதவை ஒட்டி இரு பக்கக் கொக்கிகளில் தொங்கும். காய்கறிப் பை, குடை, தண்ணீர் பாட்டில் ஆகியவற்றை உள்ளே நிறுத்தி வைக்கலாம். இரண்டாவது தரை வலை. சாமான்களின்மேல் விரித்து நான்கு மூலைகளிலும் மாட்டுவது. இந்த இரண்டும் எலாஸ்டிக் கயிற்றால் ஆனவை; சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். மூன்றாவது, பின்சீட்டின் முதுகிலிருந்து கூரை வரை கட்டும் தடுப்பு வலை. இது எலாஸ்டிக்கால் ஆனதல்ல. உறுதியான நாடாவால் பின்னப்பட்டு, காரின் உடற்கட்டில் உலோகப் பிடிப்புகளில் பூட்டப்படுவது. விபத்தில் சாமானைத் தடுக்க வடிவமைக்கப்பட்டது இந்த மூன்றாவது வகை மட்டுமே. நம் ஊர்க் கார்களில் இதைக் காண்பது அரிது. கடைக்காரர் காட்டுவது முதல் இரண்டை. சொல்வது மூன்றாவதன் பெருமையை.

கணக்கைப் பார்த்தால் பொய் உடனே தெரிந்துவிடும். 25 கிலோ வரையிலான பாக்கெட்டுக்கு ஜிஎஸ்டி வந்தபின் 26 கிலோவாகிவிட்ட அரிசி மூட்டையை எடுத்துக்கொள்ளலாம். காய்ந்த சாலையில் பலமாக பிரேக் பிடித்தால் அந்த மூட்டை ஏறக்குறைய 20 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் முன்னால் தள்ளும். அதில் ஒரு பங்கைத் தரையின் உராய்வே தாங்கிக்கொள்ளும். மிச்சத்தை நல்ல தரை வலை ஒருவேளை தாங்கலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் எதன்மீதாவது நேராக மோதினால் நிலைமை வேறு. மோதும் கணத்தில் உள்ளே இருக்கும் பொருளின் தள்ளுவிசை அதன் எடையைப்போல 20 மடங்கு இருக்கும் என்று வைத்துக்கொள்வது மிகையல்ல. 26 கிலோ மூட்டை 520 கிலோவாகத் தள்ளும். அதே மூட்டையை மூன்று மாடி உயரத்திலிருந்து, அதாவது சுமார் 10 மீட்டரிலிருந்து, கீழே போட்டால் எந்த வேகத்தில் விழுமோ, அந்த வேகம் அது. வேகம் 100 ஆனால் ஆற்றல் நான்கு மடங்கு. இதையெல்லாம் விரல்நுனி அளவு பிளாஸ்டிக் கொக்கி தடுத்துவிடும் என்று நம்புவதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

எலாஸ்டிக்கிடம் இன்னொரு குறையும் உண்டு. அது முதலில் நீண்டு கொடுத்த பிறகுதான் இழுத்துப் பிடிக்கும். நீளும் அந்த ஒரு சாணுக்குள் பொருள் நகரத் தொடங்கிவிடும். அறுந்தாலோ, கொக்கி கழன்றாலோ, சேர்ந்திருந்த இழுவிசை முழுவதும் கொக்கியை எறிந்துவிடும். வலையை அளவுக்கு மீறி இழுக்காதீர்கள், மாட்டும்போது முகத்தை விலக்கி வையுங்கள், கண்ணில் அடிபடும் என்று கார்க் கையேடுகளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. விபத்தில் உயிர் காக்கும் பொருளைப் பற்றிய குறிப்பாக அது தெரியவில்லை. கையேட்டை யார் படிக்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

உண்மையான தடுப்பு எது என்பதை ஐக்கிய நாடுகளின் 17-ஆம் எண் வாகன விதி காட்டுகிறது. பின்சீட்டின் முதுகைச் சோதிக்க அதற்கு 20 செ.மீ. பின்னால், ஒவ்வொரு பக்கமும் 30 செ.மீ. உள்ள, தலா 18 கிலோ எடையுள்ள இரண்டு கட்டிகளை வைத்து, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்துக்கான மோதலைச் செயற்கையாக உண்டாக்குகிறார்கள். சீட்டு மடங்கக் கூடாது, பூட்டு கழலக் கூடாது. இரண்டு கட்டிகளும் சேர்ந்து 36 கிலோதான் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு அரிசி மூட்டையும் ஒரு 20 லிட்டர் தண்ணீர் கேனும் ஏறினாலே அதைத் தாண்டிவிடும். தனியாக வாங்கிப் பொருத்தும் தடுப்பு வலைகளுக்கும் கம்பித் தடுப்புகளுக்கும் 126-ஆம் எண் விதி என்று தனி விதியே உண்டு. எலாஸ்டிக் வலை இந்த விதிகளின் பக்கம் தலைகாட்டுவதில்லை.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. செடான் காரில் டிக்கி தனியறை, ஆகவே பயமில்லை என்பார்கள். அந்த அறையின் முன்சுவர் பல கார்களில் பின்சீட்டின் முதுகுதான். வலை மாட்டினால் வாரண்டி போய்விடும் என்பதும் வீண் பயம். கம்பெனியே வைத்த கொக்கியில் மாட்டுவதால் எதுவும் போகாது, பக்கப் பலகையில் ஓட்டை போட்டால்தான் வம்பு. எல்லாக் காருக்கும் ஒரே அளவு போதும் என்ற விளம்பரம் தவறு. தளர்ந்து தொங்கும் வலை ஒன்றையும் பிடிக்காது. கொக்கிகளின் இடைவெளியைவிடச் சற்றுச் சிறியதாக வாங்கி, இழுத்து மாட்ட வேண்டும்.

சமையல் எரிவாயு சிலிண்டரை வலைக்குள் படுக்க வைத்தால் உருளாது என்பது மட்டும் சிரித்துவிட்டுப் போகக்கூடியதல்ல. நிரம்பிய வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ வாயு, இரும்போடு சேர்த்து சுமார் 30 கிலோ. படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவம் வால்வுக்கு வந்து நிற்கும். வலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைக் காரில் கொண்டுபோகக் கூடாது.

வலையைப் பொருத்துவது எளிது. முதலில் டிக்கியில் இருக்கும் பிடிப்புகளைத் தேட வேண்டும். தரையின் மூலைகளில் மடக்கி வைத்த இரும்பு வளையங்கள் இருந்தால் அவையே உறுதியானவை. பக்கப் பலகையோடு வார்த்த பிளாஸ்டிக் கொக்கிகள் கைப்பை தொங்கவிட மட்டுமே. தரை வலையானால் சீட்டை ஒட்டிய இரண்டு கொக்கிகளை முதலில் மாட்டி, சாமான்மேல் விரித்து, கதவுப் பக்கக் கொக்கிகளைக் கடைசியில், முகத்தை விலக்கிக்கொண்டு இழுத்து மாட்ட வேண்டும். பிடிப்பே இல்லாத காரில் ஒட்டுக் கொக்கி வைப்பவர்கள் சித்திரை வெயிலில் பசை இளகுவதைப் பார்ப்பார்கள். கூரையோரத்திலோ பின்தூணிலோ ஸ்க்ரூ போடவே கூடாது. அங்கே ஒயர்கள் ஓடுகின்றன, பல கார்களில் பக்கவாட்டு ஏர்பேக்கும் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

பழைய வலை தன் வயதைத் தானே காட்டும். கயிற்றின் உள் ரப்பர் அறுந்த இடத்தில் மேலுறை சுருங்கி அலையலையாக நிற்கும். கொக்கியின் வளைவில் மெல்லிய வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் பிளாஸ்டிக் உடையத் தயாராகிவிட்டது. இரண்டில் ஒன்றைக் கண்டாலும் தூக்கி எறிய வேண்டும்.

கனமான சாமானுக்கு வழி வேறு. அது தரையில், பின்சீட்டின் முதுகை ஒட்டி, இடைவெளியே இல்லாமல் இருக்க வேண்டும். இடைவெளி இருந்தால் பொருள் வேகத்தோடு வந்து சீட்டில் இடிக்கும். அதன்மேல் நீளாத பாலியெஸ்டர் பெல்ட்டைப் போட்டு இரும்பு வளையங்களில் இறுக்கலாம். எதுவும் சீட்டின் முதுகைவிட உயரமாகப் போகக் கூடாது. ஏழு பேர் கார்களில் மூன்றாம் வரிசைக் குழந்தைகளின் தலைக்குப் பின்னால் கூரை வரை பெட்டிகளை அடுக்கி, மேலே வலையைப் போர்த்திவிட்டுக் கோயிலுக்குப் போகும் குடும்பங்களுக்கு இதைக் கத்தித்தான் சொல்ல வேண்டும். மடக்கும் பின்சீட்டைத் திரும்ப நிமிர்த்தும்போது பூட்டு விழுந்ததா என்று ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். சில கார்களில் விழாத பூட்டின் அருகே சிவப்பு அடையாளம் தெரியும். பின்னால் ஆளே இல்லாதபோது ஓரத்து இரண்டு பெல்ட்டுகளைக் குறுக்காக மாட்டி வைத்தால் சீட்டின் முதுகுக்குக் கூடுதல் பிடிமானம் கிடைக்கும்.

ஆள் இருந்தால் பெல்ட் கட்டாயம். கட்டாமல் உட்கார்ந்திருப்பவர், டிக்கியில் கட்டாமல் வைத்த மூட்டையைவிட இரண்டு மூன்று மடங்கு கனமான சாமான். முன்சீட்டில் இருப்பவரின் முதுகில் போய் விழுவதும் அவர்தான். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும் உடன் பின்சீட்டில் இருந்தவரும் இறந்தார்கள். இருவரும் பெல்ட் அணியவில்லை. முன்சீட்டில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். பின்சீட்டில் இருப்பவர் பெல்ட் போடாவிட்டாலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி அபராதம் 1,000 ரூபாய். டிக்கிக்கு வலை தேடுபவர்கள் முதலில் பின்சீட்டின் இடுக்கில் புதைந்து கிடக்கும் பெல்ட் பூட்டுகளை வெளியே எடுத்துப் போடட்டும்.