அரியர் செல்லாத ஊர்

பாம்பன்

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நேற்று உன் அம்மா வந்து திண்ணையில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள். விசா வந்த சந்தோஷம் பாதி, பயம் பாதி. ஜெர்மனியில் ஃபீஸே கிடையாது என்கிறார்களே, பிறகு நகை ஏன் அடகுக் கடைக்குப் போனது என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதை உனக்கும் எழுதிவைக்கிறேன்.

அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை என்பது உண்மை. சாப்பாடு, வாடகை, மருத்துவக் காப்பீடு எல்லாம் நம் பாடு. அதற்காகத்தான் பிளாக்டு அக்கவுண்ட்டில் ஓராண்டுக்கு 11,904 யூரோ கட்டினோம். அது மாதம் 992 யூரோவாகத்தான் உன் கைக்கு வரும். வீட்டு முன்பணம் அடிப்படை வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்க அந்நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. வீட்டைப் பார்க்காமல், ஒப்பந்தம் கைக்கு வராமல் ஒரு யூரோகூட அனுப்பிவிடாதே. பகுதிநேர வேலைக்கும் வரம்பு உண்டு: ஆண்டுக்கு 140 முழு நாள், அல்லது 280 அரை நாள்.

பணத்துக்கு இது போதும். நான் சொல்ல வந்தது அரியரைப் பற்றி.

நம் இன்ஜினியரிங் கல்லூரிகளில் ஒரு பேப்பர் போனால் அடுத்த செமஸ்டரில் எழுதலாம். அதுவும் போனால் அதற்கடுத்து. அந்தப் பழக்கத்தோடு நீ விமானம் ஏறக் கூடாது, தாயி. ஜெர்மனியில் பெரும்பாலும் ஒரு பாடத்தை மூன்று முறைதான் எழுத முடியும். சில இடங்களில் இரண்டே முறை. கட்டாயப் பாடத்தில் கடைசி வாய்ப்பும் தவறினால் அந்தப் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள். வேறு பல்கலைக்கழகத்தில் அதே படிப்பைத் தொடர்வதும் அநேகமாக நடக்காது. படிப்பு போனால் அதை நம்பி வாங்கிய விசாவும் ஆட்டம் காணும். தேர்வுக்கு நீயேதான் பதிவு செய்ய வேண்டும். தயாராக இல்லையென்றால் குறித்த நாளுக்குள் விலகிக்கொள்ளலாம். விலகாமலும் போகாமலும் இருந்துவிட்டால் அதையும் தோல்விக் கணக்கில்தான் எழுதுவார்கள். ஒவ்வொரு படிப்புக்கும் தேர்வு விதிமுறை அச்சிட்டு வைத்திருப்பார்கள். போன முதல் வாரமே அதை வரி விடாமல் படி. மதிப்பெண்ணும் நமக்குத் தலைகீழ்: 1.0 மிகச் சிறப்பு, 4.0 பாஸ், 5.0 பெயில். உன் அம்மாவிடம் 1.3 என்று சொன்னால் பதறிப்போவாள். முன்பே விளக்கிவிடு.

என்னிடம் பத்தாவது படித்த பையன் ஒருவன், நல்ல பிள்ளை, இந்தச் சுழலில் சிக்கினான். முதல் தடவை தோற்றதை வீட்டில் சொல்லவில்லை. இரண்டாவதையும் சொல்லவில்லை. மூன்றாவதும் போனபின் பல மாதம், வகுப்புக்குப் போய்வருவதாகவே போனில் பேசிக்கொண்டிருந்தான். அப்பா படகை விற்று அனுப்பினார் என்ற எண்ணம் அவன் வாயைக் கட்டிவிட்டது. முதல் தோல்வியிலேயே சொல்லியிருந்தால் பாதை மாற்றிக்கொள்ள நேரம் இருந்திருக்கும்.

இதில் எனக்கும் பங்கு உண்டு. சென்னை எம்.ஐ.டி.யில் கலாம் சேர ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தபோது சகோதரி ஜொஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். தன் சம்பாத்தியத்தில் மீட்பேன் என்று கலாம் உறுதி எடுத்தார். இந்தக் கதையை வகுப்பில் எத்தனையோ வருடம் சொல்லியிருக்கிறேன். அவரே தன் வரலாற்றில் எழுதிய இன்னொன்றைச் சொன்னதில்லை. ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு வீட்டு ஏக்கம் தாங்கவில்லை. வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் ராமேஸ்வரத்துக்கு ஓடி வந்தார். இடையில் இருந்தது ஐம்பத்தைந்து கிலோமீட்டர்தான். அடகு வைத்த வளையலை மட்டும் காட்டி வளர்த்த பிள்ளை, கஷ்டத்தை வீட்டில் எப்படிச் சொல்லும்?

உனக்கும் ஏக்கம் வரும். டிசம்பரில் பெர்லினில் மாலை நாலு மணிக்குள் சூரியன் போய்விடும். நம் கடற்கரை வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அது சோர்வைத் தரும். வெளிச்சம் இருக்கும்போதே வெளியே நடந்துவிட்டு வா. மனம் மிகவும் கனத்தால் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆலோசகர்கள் இருப்பார்கள், கூச்சப்படாமல் போ. ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும், அரிசியைச் சனிக்கிழமையே வாங்கிவை. நெய்யும் பால்கோவாவும் கொண்டுபோக அனுமதி இல்லை. மீன் பொருளுக்கு 20 கிலோ வரை தடையில்லை. எனவே நெத்திலிக் கருவாட்டை நன்றாகக் காயவைத்து, வாசம் வராமல் கட்டித் தருகிறேன்.

அம்மா நகை மெதுவாகத் திரும்பட்டும். அதை நினைத்து எதையும் மறைக்காதே. முதல் தேர்வு முடிவு வந்த அன்றே, பாஸோ பெயிலோ, எனக்குப் போன் செய். குளிர்காலத்தில் நம் நேரம் நாலரை மணி முன்னால் ஓடும். இங்கே நள்ளிரவானாலும் எடுப்பேன்.

உன் மாமா