பழவேற்காட்டுக் கத்தரீனா

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கல்லறைகளை நம்மில் பலர் கண்டிருப்போம். 1613-இல் இங்கே கெல்திரியாக் கோட்டையை அமைத்த அவர்கள், துணிகளோடு மனிதரையும் அடிமைகளாகக் கப்பலேற்றினர்.

கடல் கடந்து சென்றவருள் ஒருத்தி ‘பழவேற்காட்டுக் கத்தரீனா’. பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) தண்டனை பெற்று, 1657-இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு நாடு கடத்தப்பட்டாள். அங்கே சலவைத் தொழில் செய்து பிழைத்தாள். அவள் மகன் கிறிஸ்தோபல் வழி வந்ததே ஸ்நைமன் என்னும் பெருங்குடும்பம்.

தாயிடம் பாதி, தந்தையிடம் பாதியாக நமக்கு டி.என்.ஏ. வருகிறது. ஒரு முன்னோரின் பங்கு தலைமுறைதோறும் பாதியாகக் குறையும். பத்தாம் தலைமுறையில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்றே. ஆயினும் பலரைச் சேர்த்து ஆராய்ந்தால் சுவடு தெரியும். 2020-இல் வெளியான ஆய்வொன்று, ஆப்பிரிக்கானர் எனப்படும் அந்நாட்டு வெள்ளையரிடம் சராசரியாக 4.7 விழுக்காடு ஐரோப்பியரல்லாதார் வழி உண்டென்றது. அதில் தெற்காசியப் பங்கும் உண்டு. 1994 வரை நிறத்தால் மக்களைப் பிரித்து ஆண்ட நாட்டில் இது சிறிய செய்தியா?

பரிசோதனை ‘தெற்காசியா’ என்று மட்டுமே சொல்லும். ‘பழவேற்காடு’ என்று சொல்வது பழைய ஏட்டிலுள்ள அவள் பெயரே.

மனிதகுலம் ஒரே குடும்பம் என்று மறைக்கல்வியில் கற்கிறோம். குலப்பெருமை பேச நா எழும்போது, தோழியரே, கத்தரீனாவை நினைப்போம்!