யூதமும் கிறிஸ்தவமும் பிரிந்த வரலாறு: அறிந்து பேசுவோம், நீதியோடு பேசுவோம்





இன்றைய பயானை ஒரு திருத்தத்தோடு தொடங்க வேண்டியிருக்கிறது. சில வாரங்களுக்கு முன் இதே மிம்பரில் நின்று நான் ஒரு செய்தியைச் சொன்னேன். கி.பி. 325-ல் கான்ஸ்டன்டைன் மன்னர் நிக்கேயா என்ற ஊரில் பாதிரிமார்களைக் கூட்டினார், பல இன்ஜீல்களில் நான்கை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மற்றவற்றை எரித்துவிட்டார் என்று சொன்னேன். நான் அதை எங்கோ கேட்டிருந்தேன். கேட்டதைச் சொன்னேன்.

அடுத்த ஜும்ஆவில் ஒரு வாலிபர் வந்தார். "ஹஜ்ரத், நீங்கள் சொன்னதை என்னோடு வேலை செய்யும் கிறிஸ்தவ நண்பரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அந்த மாநாட்டுத் தீர்மானங்களில் இது எங்கே இருக்கிறது, காட்டு என்று மட்டும் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை" என்றார்.

எனக்கும் பதில் தெரியவில்லை. உட்கார்ந்து தேடிப் படித்தேன். அந்த நண்பர் சொன்னதுதான் சரி. நிக்கேயா மாநாட்டின் 20 சட்டங்கள் இன்றும் இருக்கின்றன. எந்த வேதநூலை ஏற்பது, எதை விடுவது என்று அவற்றில் ஒரு சொல்கூட இல்லை. எரிக்கச் சொல்லி மன்னர் உத்தரவிட்டது ஆரியஸ் என்ற ஒரு பாதிரியாரின் எழுத்துக்களை. நான்கு சுவிசேஷங்கள்தான் உண்டு என்று லியோன் நகரத்துப் பாதிரியார் இரேனியஸ் எழுதியது ஏறத்தாழ கி.பி. 180-ல், அதாவது நிக்கேயாவுக்குச் சுமார் 145 ஆண்டுகளுக்கு முன்பு. இன்று கிறிஸ்தவர்கள் ஓதும் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் அப்படியே ஒரு பட்டியலில் வருவது கி.பி. 367-ல் அதனாசியஸ் எழுதிய கடிதத்தில்.

கேட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒரு மனிதனைப் பொய்யனாக்கப் போதும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் ஸஹீஹின் முகவுரையிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். அந்த எச்சரிக்கை முதலில் எனக்குத்தான். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக! அன்று கேட்டவர்கள் அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

அப்படியானால் கிறிஸ்தவம் எப்படித் தோன்றியது? யூதர்களிடமிருந்து எப்படிப் பிரிந்தது? இதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஈஸா (அலை) யாரிடம் அனுப்பப்பட்டார்கள்?

இதில் நமக்குக் குழப்பம் இல்லை. ஈஸா (அலை) அவர்கள் பனூ இஸ்ராயீல்களிடம் அனுப்பப்பட்ட தூதர், தமக்கு முன்னிருந்த தவ்ராத்தை உண்மைப்படுத்தியவர் என்று ஸஃப்பு சூராவின் 6-வது வசனம் கூறுகிறது. தவ்ராத்தை மெய்ப்பித்ததோடு, அவர்கள் மீது தடுக்கப்பட்டிருந்த சிலவற்றை ஹலாலாக்கவும் வந்தார்கள் என்று ஆலஇம்ரான் 50-வது வசனம் சொல்கிறது. சிலுவை விஷயத்திலும் நம் அகீதா தெளிவானது. அது இன்றைய பேச்சு அல்ல.

அவர்கள் வாழ்ந்த பலஸ்தீன் அன்று ரோமர்களின் ஆட்சியில் இருந்தது. யூதர்களுக்குள்ளும் பல பிரிவுகள் இருந்தன. சட்ட நுணுக்கத்தில் பேணுதலான பரிசேயர், ஆலயப் பொறுப்பில் செல்வாக்காக இருந்த சதுசேயர், ஒதுங்கி வாழ்ந்த எஸ்ஸேனியர் ஆகிய மூன்று பிரிவுகளை அதே நூற்றாண்டில் வாழ்ந்த யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் விவரிக்கிறார். 1947-ல் சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் கிடைக்கத் தொடங்கிய தோல் சுருள்களும் அன்றைய யூதர்கள் எத்தனை விதமாகச் சிந்தித்தார்கள் என்பதைக் காட்டுகின்றன.

ஆகவே அன்று "யூத மதம்" என்பது ஒரே குரலில் பேசிய ஒன்றல்ல. பலரும் ஒரு மீட்பரை எதிர்பார்த்திருந்தார்கள். அவருக்கு அவர்கள் வைத்த பெயர் 'மஷீஹ்', அதாவது எண்ணெய் தடவி நியமிக்கப்பட்டவர். குர்ஆன் சொல்லும் 'மஸீஹ்' அதே சொல். கிரேக்கர்கள் அதைத்தான் 'கிறிஸ்தோஸ்' என்று மொழிபெயர்த்தார்கள். கிறிஸ்தவர் என்ற பெயரிலேயே யூதர்களின் எதிர்பார்ப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரே ஆலயம்

ஆரம்பத்தில் ஈஸா நபியைப் பின்பற்றியவர்கள் அனைவரும் யூதர்களே. அவர்கள் தினமும் பைத்துல் முகத்தஸ் ஆலயத்திற்குப் போய் வணங்கினார்கள் என்று கிறிஸ்தவர்களின் 'அப்போஸ்தலர் நடபடிகள்' நூலே சொல்கிறது. ஆண் பிள்ளைகளுக்குக் கத்னா செய்தார்கள். பன்றி இறைச்சி உண்ணவில்லை. சனிக்கிழமையைப் பேணினார்கள். தாங்கள் ஒரு புதிய மதத்தில் சேர்ந்துவிட்டதாக அவர்கள் எண்ணியிருக்கவில்லை.

ஜெருசலத்தில் அவர்களின் தலைவராக இருந்தவர் யாக்கோபு. கி.பி. 62-ல் தலைமை மதகுரு அவரைக் கல்லெறிந்து கொல்ல வைத்தார். அப்போது சட்டத்தில் பேணுதலான யூதர்களே அதை எதிர்த்து முறையிட்டார்கள் என்று ஜோசபஸ் எழுதுகிறார். கொன்றவரும் யூதர், கொல்லப்பட்டவரும் யூதர், அநீதி என்று குரல் கொடுத்தவர்களும் யூதர்கள். வேதக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர் என்று ஆலஇம்ரான் 113-வது வசனம் சொல்வதை இங்கே நினைத்துப் பாருங்கள்.

உணவில் எழுந்த கேள்வி

பிரச்சினை அந்தியோக்கியாவில் தொடங்கியது. இன்று துருக்கியில் அந்தாக்கியா என்று சொல்லப்படும் ஊர். யாஸீன் சூராவில் வரும் ஊர் இதுதான் என்று முஃபஸ்ஸிர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். இப்னு கஸீர் (ரஹ்) அதை ஏற்கவில்லை. "கிறிஸ்தவர்கள்" என்ற பெயர் முதலில் வழங்கியது இந்த ஊரில்தான் என்கிறது நடபடிகள் நூல்.

அங்கே யூதரல்லாத கிரேக்கர்களும் இந்த வழியில் சேர்ந்தார்கள். உடனே கேள்வி வந்தது: இவர்களும் கத்னா செய்ய வேண்டுமா? மூஸா (அலை) அவர்களின் சட்டம் முழுவதும் இவர்கள் மீது கடமையா? இவர்களோடு உட்கார்ந்து சாப்பிடலாமா? தட்டில் கை வைக்கும்போது எழுந்த இந்தக் கேள்விதான் பிற்காலத்தில் இரண்டு மதங்களைப் பிரித்தது.

இந்த இடத்தில் பவுல் வருகிறார். தர்சூஸ் ஊர்க்காரர், பரிசேயர். முதலில் இவர்களைத் துன்புறுத்தியவர், பிறகு இவர்களோடு சேர்ந்தவர். யூதரல்லாதவர்களுக்குக் கத்னா தேவையில்லை என்று அவர் வாதிட்டார். ஏறத்தாழ கி.பி. 49-ல் ஜெருசலத்தில் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். சிலைகளுக்குப் படைத்தது, இரத்தம், கழுத்து நெரிக்கப்பட்டுச் செத்தது, விபச்சாரம் ஆகிய நான்கையும் யூதரல்லாதவர்கள் விலக்கினால் போதும் என்று முடிவானதாக நடபடிகள் நூல் கூறுகிறது. இவற்றில் முதல் மூன்றும் மாயிதா சூராவின் 3-வது வசனத்தில் நமக்கும் ஹராமாக்கப்பட்ட பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள்.

இருந்தும் பிரச்சினை தீரவில்லை. அந்தியோக்கியாவில் யூதரல்லாதவர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபின் ஆட்கள் வந்ததும் விலகிக்கொண்டார் என்றும், அவரை எல்லோர் முன்னிலையிலும் தாம் கண்டித்ததாகவும் பவுலே தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

சகோதரர்களே! "கிறிஸ்தவத்தை உண்டாக்கியவர் பவுல்" என்று நாம் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அவருடைய பங்கு மிகப் பெரியது. ஈஸா (அலை) அவர்களோடு இருந்து பாடம் கேட்டவரல்ல அவர் என்பதும் உண்மை. அவர் கொண்டு சென்ற கொள்கையை நாம் ஏற்கவும் இல்லை. ஆனால் அவர் தனி ஆளாக எல்லாவற்றையும் செய்தார் என்பதற்கு வரலாறு இடம் தரவில்லை. அவர் ரோம் நகரத்தில் கால் வைப்பதற்கு முன்பே அங்கே நம்பிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்குத்தான் அவர் தம் நீண்ட கடிதத்தை எழுதினார்.

இரண்டு போர்கள்

கி.பி. 70-ல் ரோமத் தளபதி டைட்டஸ் ஜெருசலத்தைப் பிடித்து ஆலயத்தை இடித்தார். சூறையாடிய பொருட்களை வீரர்கள் சுமந்து செல்லும் காட்சியை ரோமில் உள்ள டைட்டஸ் வளைவில் இன்றும் பார்க்கலாம். குர்பானிகள் நின்றன. சதுசேயர்களின் அடையாளமே மறைந்தது. பரிசேயர் வழிவந்த ரப்பிமார்கள் யவ்னே என்ற ஊரில் கூடி, வேதம் ஓதுவதையும் பிரார்த்தனையையும் மையமாக வைத்து யூத மதத்தைக் காப்பாற்றினார்கள். இன்றைய யூத மதம் அவர்கள் வழியாக வந்ததுதான்.

கி.பி. 132 முதல் 135 வரை இன்னொரு கிளர்ச்சி நடந்தது. பார் கொக்பா என்ற தலைவரைப் பலர் மஸீஹ் என்றே நம்பினார்கள். ஈஸா (அலை) அவர்களையே மஸீஹாக ஏற்றவர்களால் அவரை எப்படி ஏற்க முடியும்? விரிசல் ஆழமானது. ரோமப் பேரரசர் ஹாட்ரியன் கிளர்ச்சியை நசுக்கி, யூதர்கள் ஜெருசலத்திற்குள் நுழையத் தடை விதித்தார். தம் குடும்பப் பெயரைச் சேர்த்து நகரத்திற்கு 'ஏலியா' என்று பெயர் வைத்தார். புகாரியில் ஹெர்குலிஸ் மன்னர் பற்றிய நீண்ட ஹதீஸில் 'ஈலியா' என்று வருகிறதே, அந்தப் பெயர் இதுதான்.

அதுவரை ஜெருசலம் சபையின் தலைவர்கள் கத்னா செய்த யூத வம்சத்தாராகவே இருந்தார்கள், அதன் பிறகுதான் யூதரல்லாதவர் தலைவரானார் என்று கிறிஸ்தவ வரலாற்றாசிரியர் யூசிபியஸ் எழுதுகிறார். தவ்ராத்தின் சட்டத்தைப் பேணிக்கொண்டே ஈஸா (அலை) அவர்களையும் ஏற்ற 'எபியோனியர்' என்ற கூட்டத்தார் இரு பக்கமும் இடமில்லாமல் நின்றார்கள். அந்தப் பெயருக்கு ஏழைகள் என்று பொருள். அவர்கள் பவுலை ஏற்கவில்லை என்று அவர்களைக் குறை சொல்லும் இரேனியஸே எழுதியிருக்கிறார். காலப்போக்கில் அவர்கள் மறைந்துபோனார்கள்.

நிக்கேயாவில் நடந்தது

நிக்கேயா மாநாட்டின் முக்கிய விவாதம், ஈஸா (அலை) அவர்கள் இறைவனுக்குச் சமமானவரா அல்லது படைக்கப்பட்டவரா என்பது. படைக்கப்பட்டவர் என்று சொன்ன ஆரியஸ் தோற்றார். ஆனாலும் அவரும் நம்மைப் போன்ற தவ்ஹீதைச் சொன்னவர் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். படைப்புகளுக்கெல்லாம் முந்திய ஒரு தனி உயர்வை ஈஸா (அலை) அவர்களுக்கு அவர் கொடுத்தார். அது நம் கொள்கை அல்ல.

இரண்டாவது விவாதம் ஈஸ்டர் பண்டிகையின் நாள் பற்றியது. இனி யூதர்களின் கணக்கைப் பார்த்துக் கொண்டாடக் கூடாது என்று முடிவானது. இந்தத் தகராறு பழையது. ஏறத்தாழ கி.பி. 190-லேயே இதற்காக ரோமின் தலைவர் விக்டர் ஆசியா மைனரின் சபைகளை விலக்கிவைக்க முயன்றார். நாள் மாறுபட்டாலும் முன்னோர்கள் சமாதானமாகவே இருந்தார்கள் என்று சொல்லி இரேனியஸ் அவரைத் தடுத்தார். பிறை விஷயத்தில் ஒரே தெருவில் இரண்டு பெருநாள் கொண்டாடி, ஸலாமையும் நிறுத்திவிடும் நமக்கு இதில் பாடம் இல்லையா?

நிக்கேயாவுக்குப் பிறகும் சாமானிய மக்கள் முழுமையாகப் பிரிந்துவிடவில்லை. கி.பி. 386, 387-ல் அந்தியோக்கியாவில் கிறிசோஸ்தோம் என்ற பேச்சாளர், யூதர்களின் ஜெப ஆலயத்திற்கும் நோன்புகளுக்கும் போகும் கிறிஸ்தவர்களைக் கடுமையாக ஏசிப் பல பிரசங்கங்கள் செய்தார். போனார்கள் என்பதால்தானே ஏசினார்? அவர் யூதர்கள் மீது வீசிய கடுஞ்சொற்கள் பிற்காலத்தில் யூத வெறுப்புக்குத் தீனியாயின. மேடையில் சொல்லும் ஒரு சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மிம்பரில் நிற்கும் என் போன்றவர்கள் இதை நினைத்துப் பயப்பட வேண்டும்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

ஈஸா (அலை) அவர்கள் யூதச் சமுதாயத்தின் நடுவே வந்தார்கள். அவர்களை ஏற்றவர்கள் ஏற்றார்கள், மறுத்தவர்கள் மறுத்தார்கள். ஸஃப்பு சூராவின் கடைசி வசனமும் இதையே சொல்கிறது. பிறகு கத்னா, உணவு, போர், பண்டிகை நாள், அகீதா என்று மூன்று நான்கு நூற்றாண்டுகளில் படிப்படியாகப் பிரிவு நடந்தது. ஒரே நாளில் ஒரு மன்னர் செய்த சூழ்ச்சி அல்ல அது. நம் தவ்ஹீதை நிரூபிக்க இல்லாத கதை எதுவும் தேவையில்லை. குர்ஆன் போதும்.

ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவற வைத்துவிடக் கூடாது என்று மாயிதா 8-வது வசனம் எச்சரிக்கிறது. தெரியாததன் பின்னால் போகாதே, செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்று பனூ இஸ்ராயீல் சூராவின் 36-வது வசனம் சொல்கிறது. வேதக்காரர்கள் சொல்வதை உண்மை என்றும் சொல்லாதீர்கள், பொய் என்றும் சொல்லாதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த ஹதீஸ் புகாரியில் இருக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது யூதர்கள் ஆஷூரா நோன்பு வைத்திருந்தார்கள். காரணம் கேட்டார்கள். மூஸா (அலை) அவர்களை அல்லாஹ் காப்பாற்றிய நாள் என்று சொன்னதும், மூஸாவுக்கு நாங்களே மிகவும் உரியவர்கள் என்று சொல்லி, தாமும் நோன்பு வைத்து மற்றவர்களையும் வைக்கச் சொன்னார்கள். பிற்காலத்தில் ஒன்பதாம் நாளையும் சேர்த்து வைக்க விரும்பி, நம் அடையாளத்தையும் காத்தார்கள். முதலில் விசாரித்தார்கள். உண்மையை உண்மை என்றார்கள். பிறகு தனித்துவத்தையும் விடவில்லை. வேதக்காரர்களிடம் நாம் நடக்க வேண்டிய முறை இதுதான்.

அந்த வாலிபரிடம் நான் சொல்லியனுப்பியது ஒன்றுதான்: "உன் நண்பரிடம் போய், எங்கள் இமாம் சொன்னது தவறு, அவரே ஒப்புக்கொண்டார் என்று சொல். அதற்குப் பிறகு தவ்ஹீதைப் பேசு." அடுத்த வாரம் அவர் திரும்பி வந்து, "ஹஜ்ரத், மர்யம் சூராவில் ஈஸா நபியைப் பற்றி என்ன இருக்கிறது என்று நண்பர் கேட்கிறார்" என்றார்.

நாவைப் பேணி, அறிந்து பேசி, நீதியோடு நடக்கும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக! தவறியதை ஒப்புக்கொள்ளும் உள்ளத்தையும் தருவானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.