எழும்பக் கூடாது, எழும்பத் தேவையில்லை

உடப்பு

அன்பு மருமகளுக்கு,

உன் இங்கிலீஷ் கடிதம் கிடைத்தது. ஜெர்மனியில் பிறந்த பிள்ளை மாமாவுக்கு இவ்வளவு எழுதினதே பெரிய சந்தோஷம். ஒரு இடத்தில் மட்டும் என் பழைய வாத்தியார் புத்தி முழித்துக்கொண்டது. நேற்றைக்கு ஆறு மணி மட்டும் பள்ளிக்கூடத்தில் நிற்க வேண்டி வந்தது என்பதற்கு 'ஐ மஸ்ட் ஸ்டே' என்று எழுதியிருக்கிறாய். அதை வாசித்ததும் போன மார்கழியில் கற்பிட்டிக் கடலில் நடந்தது ஞாபகம் வந்தது. இரண்டு பிழைக்கும் வேர் ஒன்று.

டொல்பின் பார்க்க விடியப்புறம் பைபர் போட்டில் போனோமே. நம்மோடு நாலு வெள்ளைக்காரர் இருந்தபடியால் போட்காரத் தம்பி எல்லாருக்கும் சேர்த்து இங்கிலீஷிலேதான் கதைத்தான். எஞ்சினைக் குறைத்ததும் வலப்பக்கம் டொல்பின்கள் கூட்டமாகப் பாய்ந்தன. 'யூ மஸ்ட் நாட் ஸ்டாண்ட்' என்றான் அவன். நீ அவனைப் பார்த்துத் தலையாட்டினாய். அடுத்த கணம் ஃபோனோடு எழும்பி நின்றாய். போட் சரிந்து, தண்ணீர் உன் மடிக்கு வந்தது. "எழும்பக் கூடாது பிள்ளை!" என்று நான் கத்தினதும் அப்படியே கீழே இருந்துவிட்டாய்.

கரைக்கு வந்து நீ சொன்ன நியாயம்தான் எனக்கு ருசித்தது: "எழும்பத் தேவையில்லை என்றுதானே அந்த அண்ணா சொன்னார்? எனக்கு எழும்ப ஆசையாக இருந்தது."

உன்னில் பிழை இல்லை. உன் காதுக்குள் ஜெர்மன் இருந்தது. 'டு முஸ்ட் நிஹ்ட்' என்றால் அங்கே 'உனக்குக் கட்டாயம் இல்லை'. இங்கிலீஷில் 'மஸ்ட் நாட்' என்றால் தடை. ஒரே தாயின் இரண்டு பிள்ளைகள் மாதிரி இருக்கிற சொற்கள், இல்லை என்ற சொல் பக்கத்தில் வந்ததும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிவிடுகின்றன. 'மஸ்ட் நாட்' என்பதற்கு உன் ஜெர்மன் 'டு டார்ஃப்ஸ்ட் நிஹ்ட்'. 'முஸ்ட் நிஹ்ட்' என்று சொல்ல வந்தால் இங்கிலீஷில் 'டோன்ட் ஹேவ் டு' அல்லது 'நீட் நாட்'. கற்பிட்டிக் கோட்டையைக் கட்டின ஒல்லாந்தருடைய மொழியிலும் இதே வேர்ச்சொல் உண்டு. ஆனால் இல்லை என்று வரும்போது அது இங்கிலீஷ் பக்கம் சாய்கிறது. உன் ஜெர்மன்தான் தனி வழி.

இதற்கு உன்னிடம் ஒரு உரைகல் இருக்கிறது, அம்மா வீட்டில் பேசுகிற தமிழ். இங்கிலீஷ் வாக்கியத்தை எழுத முன்னம் மனதுக்குள் கேட்டுப் பார்: நான் சொல்ல வந்தது 'கூடாது'வா, 'தேவையில்லை'யா? கூடாது என்றால் மஸ்ட் நாட். தேவையில்லை என்றால் டோன்ட் ஹேவ் டு. 'வேண்டாம்' என்ற சொல்லை மட்டும் இந்த வேலைக்கு எடுக்காதே. அது இரண்டு பக்கமும் ஆடும். "நீ வர வேண்டாம்" என்று அம்மம்மா சொன்னால் அது தடையா, சலுகையா என்று அவவின் முகத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

இனி உன் கடிதத்துப் பிழை. 'மஸ்ட்' என்பதற்கு இறந்த காலம் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சொல்லே பழைய இங்கிலீஷில் ஒரு வினையின் இறந்த கால வடிவம். 'அனுமதி உண்டு' என்ற பொருளும் அந்த வினைக்கு இருந்தது. ஜெர்மனில் 'முஸ்டெ' என்று நேற்றைக்குச் சொல்லலாம். இங்கிலீஷில் 'ஹேட் டு' என்றுதான் சொல்ல வேணும். நம்முடைய 'வேண்டி வந்தது' அதற்கு அச்சொட்டாகப் பொருந்தும்.

மஸ்ட், ஹேவ் டு இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கோடு உண்டு. ஆடியில் திரௌபதி அம்மன் கோயில் தீமிதிப்புக்கு நேர்த்தி வைத்தவன் 'நான் இறங்கத்தான் வேணும்' என்கிறானே, அது அவன் நெஞ்சிலிருந்து வருவது, மஸ்ட். கரைவலை முதலாளியான சம்மாட்டி ஆள் அனுப்பினால் நித்திரையை விட்டு எழும்பிப் போகிறவனுக்கு ஹேவ் டு. பேச்சில் இதை ஒருவரும் அவ்வளவு பார்ப்பதில்லை. நீயும் இதற்காக நித்திரை முழிக்காதே.

'சோல்' என்பதை 'ஷல்' என்று மாற்றுவது இன்னொரு பொறி. 'இஹ் சோல் மில்ஹ் கௌஃபன்' என்று நீ சொல்வது அம்மா சொல்லி விட்ட வேலையை. 'ஐ ஷல்' என்று எழுதினால் நீயாகவே வாங்கப் போவதாக ஆகிவிடும். 'ஐம் சப்போஸ்ட் டு' என்று எழுது. நம் ஊரில் இதை ஒரு வால் எழுத்தாலேயே சொல்லிவிடுவோம்: "மாமா, அம்மா உங்களை வரட்டாம்." சொன்னது அம்மா, கொண்டுவந்தது நீ என்பது அந்த 'ஆம்' என்பதில் அடங்கிவிடும்.

போன கிழமை கற்பிட்டிக்குப் போனேன். சோளகம் நல்லாய் அடிக்கிறது. நம் ஆட்களின் வள்ளங்கள் கரையில் கிடக்க, அந்தக் காற்றையே தேடி வந்த வெள்ளைக்காரர் களப்பில் பட்டம் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். போட்காரத் தம்பியைக் கண்டு உன் கதையைச் சொன்னேன். யோசித்துவிட்டு, "அப்ப நான் இனி 'சிட், ப்ளீஸ் சிட்' எண்டு மட்டும் சொல்றேன் சேர்" என்றான்.

அன்புடன்,
மாமா