மணப்பாடு போகிறீர்களா? சில குறிப்புகள்

திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டுக் கன்னியாகுமரி போகிற வழியில், அரை மணி நேரம் எட்டிப் பார்க்கிற ஊராகத்தான் பலரும் மணப்பாட்டை வைத்திருக்கிறார்கள். அது போதாது. ஒரு முழுப் பகலையாவது ஒதுக்குங்கள்.

1. திருச்செந்தூரில் அறை எடுப்பதே வசதி. ரயில் அங்கே வரைதான். அங்கிருந்து தெற்கே ஏறக்குறைய 18 கி.மீ. பேருந்தில் போனால், திரும்பி வரும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே நடத்துனரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. காலையிலேயே போய்விடுங்கள். திருச்சிலுவை ஆலயம் கடலோர மணல்குன்றின் மேல் இருக்கிறது. வெயில் ஏறினால் அங்கே நிழலுக்கு ஒதுங்க இடம் தேட வேண்டும். புயலில் சிக்கித் தப்பிய போர்த்துகீசியக் கப்பல்தலைவர், நேர்ந்துகொண்டபடி பாய்மரத்தில் செய்த சிலுவையை இங்கே நட்டார் என்பது ஊர்க்கதை. ஆலயம் கட்டப்பட்டது 1581-இல். 1542-இல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கிய குகையும் கீழே கடல் பக்கமாக இருக்கிறது. மேலே மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிடாதீர்கள்.

3. செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழா. கூட்டம் பிடிக்கும் என்றால் அப்போது போங்கள். ஊரின் பழைய வீடுகளையும் தெருக்களையும் நிதானமாகப் பார்க்க விரும்பினால் அதையொட்டிய இரண்டு வாரத்தைத் தவிருங்கள். பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் தசரா நடக்கும் நாட்களிலும் சாலை நெரியும். ஆனால் காளியும் குறவனும் குரங்கும் ராஜாவுமாக வேஷம் கட்டியவர்கள் காணிக்கை பிரிக்கும் காட்சிக்காக அந்த நெரிசலைத் தாங்கலாம் என்பது என் கட்சி.

4. கருமேனி ஆறு கடலோடு சேரும் கழிமுகத்தில் தண்ணீர் அமைதியாகத் தெரியும். தெரிவதை நம்பிப் பிள்ளைகளை இறக்காதீர்கள். எங்கே குளிக்கலாம் என்று கரையில் வலை பிரிக்கும் அண்ணாச்சியைக் கேளுங்கள். படம் எடுப்பதற்கும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை.

5. தேரிக்காடு என்னும் மணல்மேட்டுப் பகுதிக்கு மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள். இரும்புச் சத்தால் சிவந்த மணல், சாயும் வெயிலில்தான் தன் நிறத்தைக் காட்டும். காரைத் தார்ச்சாலையிலேயே நிறுத்துங்கள். மணலில் இறக்கினால் தள்ள ஆள் தேட வேண்டியிருக்கும். ஆனி, ஆடியில் காற்று மணலை வாரி இறைக்கும். அப்போது கண்ணாடியும், தலையைச் சுற்ற ஒரு துண்டும் அவசியம்.

6. உடன்குடி கருப்பட்டி வாங்காமல் திரும்புவது பாவம். புவிசார் குறியீடு பெற்ற சரக்கு; அதனாலேயே கலப்படமும் அதிகம். சீனி கலந்தது வெளுப்பாக, பளபளப்பாக, கல் மாதிரி இருக்கும். நல்ல கருப்பட்டி மங்கலான கருமையோடு இருக்கும். வாயில் போட்டால் இனிப்போடு மெல்லிய கரிப்பும் தட்டும். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் சந்தேகப்பட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் வாங்கினால் சீக்கிரம் கசியும். வீட்டில் ஈரமில்லாத டப்பாவில் காகிதம் சுற்றி வையுங்கள். பழைய வீடுகளில் அடுப்புப் புகை படும் பரணில் வைத்ததும் ஈரத்துக்குப் பயந்துதான். காபிக்குப் போடும்போது தனியாகக் கரைத்து வடிகட்டுங்கள், அடியில் மண் தங்கும். பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகலாம், கடைசியில் சேருங்கள்.

7. பங்குனி, சித்திரையில் போனால் காலையில் பதநீர் கிடைக்கும். வெயில் ஏறிய பிறகு விற்பதை வாங்க வேண்டாம். தை மாதமென்றால் பனங்கிழங்கு.

8. மணப்பாட்டுப் பெண்கள் பனை ஓலையில் முடையும் பெட்டிகள் அழகானவை. ஊறுகாய் ஜாடி வைக்க வாங்காதீர்கள், எண்ணெய்க்கறை போகாது. தூசி படிந்தால் காய்ந்த துணியால் துடைத்தாலே போதும்.

9. கருவாடு வாங்கினால் செய்தித்தாளில் இரண்டு சுற்று, மேலே பிளாஸ்டிக் பை, அதற்கும் மேலே மூடியுள்ள டப்பா. ரயிலில் எதிர் சீட்டுக்காரர் உங்களை வாழ்த்துவார்.

10. திருச்செந்தூர் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். தோளில் போட ஒரு துண்டு கையில் இருக்கட்டும். கடலில் குளித்ததும் பக்கத்திலேயே நாழிக்கிணறு. கடலுக்கு இத்தனை அருகில் இருந்தும் அந்தத் தண்ணீர் உப்புக் கரிக்காது.

11. கால் மணலை ஈரத்தோடு தேய்க்காதீர்கள். முகப்பவுடர் தூவித் தட்டினால் உதிர்ந்துவிடும். உப்புத் தண்ணீர் பட்ட துணிகளை அன்று இரவே நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். ஊருக்கு வந்து துவைக்கலாம் என்று பையில் திணித்தால் நாற்றம் ஏறிவிடும்.